பழைய ஜிப்ஸி, சாமுராய் தகராறு பண்ணுதா? முதல்ல இதையெல்லாம் பாருங்க

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பார்ட்) காலத்து மாருதி ஜிப்ஸி, சுசுகி சாமுராய் மாதிரி குட்டி ஃபோர் வீல் வண்டி வச்சிருக்கவங்களுக்கு இது. இந்த வண்டிங்க ரொம்ப சிம்பிள், அதனால பாதி கோளாற பார்ட் வாங்குறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடலாம், ஆனா நிறைய பேர் நேரா கார்புரேட்டர கழட்டி வேலைய இழுத்துப் போட்டுக்குறாங்க.

செல்ஃப் அடிச்சா டிக்குனு ஒரு சத்தம் மட்டும் வருதா, பேட்டரி மாத்த ஓடாதீங்க. வண்டி ஆஃப்ல இருக்கும்போது மல்டிமீட்டர்ல 12.6 வோல்ட் கிட்ட காட்டுனா பேட்டரி சார்ஜ் ஆகித்தான் இருக்கு. அடுத்து மீட்டரோட ஒரு முனைய பேட்டரி மைனஸ்லயும் இன்னொன்ன இன்ஜின் பிளாக்லயும் வச்சுக்கிட்டு ஒருத்தர செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா எர்த் கேபிள் (பேட்டரி மைனஸ்ல இருந்து இன்ஜினுக்குப் போற கேபிள்) துரு பிடிச்சிருக்கு இல்ல லூஸா இருக்குன்னு அர்த்தம், கழட்டி பளபளன்னு தேச்சு இறுக்குனா போதும்.

செல்ஃப் நல்லா சுத்துது ஆனா ஸ்டார்ட் ஆகலன்னா ஸ்பார்க் இருக்கா, பெட்ரோல் வருதா, இந்த ரெண்டுதான். ஸ்டார்ட் ஆகி ஐடிலிங் மட்டும் நிக்கலன்னா வேக்வம் ஹோஸ்ங்கள (இன்ஜினோட உறிஞ்சுற இழுவை போற சின்ன ரப்பர் குழாய்ங்கள) பாருங்க, வருஷக்கணக்கா சூட்டுல கெடந்து விரிசல் விட்டிருக்கும். ஐடில் சாலினாய்டு (ஐடிலிங்குக்கு பெட்ரோல் வழிய தொறக்குற கரன்ட் வால்வு) இருக்குற கார்புரேட்டர்னா சாவி போட்டதும் லேசா டிக்குனு கேக்கணும், கேக்கலன்னா ஸ்க்ரூ திருகி டியூன் பண்ணி ஒரு புண்ணியமும் இல்ல, முதல்ல அதுக்கு கரன்ட் வருதான்னு பாருங்க.

இப்ப எல்லாரும் பயப்படுற விஷயம், ஒரு ஸ்பீடுல ஒரு பள்ளத்துல ஏறி இறங்குனதும் ஸ்டியரிங் கையப் பிடுங்குற மாதிரி ஆடுறது. மெக்கானிக் ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்த அமுக்குற ஷாக் அப்சார்பர்) மாத்துவார், கொஞ்ச நாள் சரியா இருக்கும், திரும்ப வரும், ஏன்னா டேம்பர் ஆட்டத்த மறைக்கும், அவ்ளோதான். டயர் காத்து, வீல் பேலன்ஸ் ரெண்டையும் முடிச்சிட்டு முன் வீல ஜாக்கி போட்டு தூக்குங்க, ஸ்டாண்டும் வைங்க, வெறும் ஜாக்கிய நம்பி கைய விடாதீங்க. வீல மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆடுச்சுன்னா ஒருத்தர பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க: ஆட்டம் நின்னுட்டா வீல் பேரிங், பிரேக் மிதிச்சும் ஆடுனா கிங்பின் பேரிங் (முன் வீல் இடது வலதா திரும்புற அச்சோட பேரிங்). இடது வலதா பிடிச்சு ஆட்டும்போது லூஸா இருந்தா டை ராட் எண்ட (ஸ்டியரிங் கம்பியோட முனையில இருக்குற மூட்ட) பாருங்க. கிங்பின்ல தேய்மானம் கம்மின்னா அதோட மூடிக்கு அடியில இருக்குற ஷிம்ம (மெல்லிய தகட) குறைச்சு டைட் பண்ணலாம், பேரிங் சொரசொரன்னு இருந்தா மாத்தித்தான் ஆகணும்.

ஃபோர் வீல் போட்டும் முன் வீல் இழுக்கலயா? முன் வீல் நடுவுல கைல திருப்பி லாக் பண்ற ஹப் இருந்தா ரெண்டு பக்கமும் லாக் ஆகியிருக்கான்னு பாருங்க. ஒண்ணு ஃப்ரீயா இருந்தாலே போச்சு, டிஃப்ரென்ஷியல் (ரெண்டு பக்க வீலுக்கும் இழுவைய பிரிச்சுக் குடுக்குற கியர்) அந்தப் பக்கத்தயே வெட்டியா சுத்தி விட்டுடும். ஃபோர் வீல்ல இருந்து லீவர் வெளிய வரலன்னா தார் ரோட்டுல ஓட்டியிருப்பீங்க, முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல டிஃப்ரென்ஷியல் இல்லாததால முறுக்கு ஏறி நிக்கும், இழுத்து ஒடைக்காம நேரா கொஞ்சம் ரிவர்ஸ் போனா விட்டுடும்.

தண்ணில இறக்குனவங்க ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, சூடான ஆக்ஸில் சடார்னு குளிர்ந்தா உள்ள காத்து சுருங்கும், ப்ரீதர் (ஆக்ஸிலுக்கு காத்து போய் வர்ற சின்ன வழி) அடைச்சிருந்தா சீல் வழியா தண்ணிய உறிஞ்சிடும். ஆக்ஸிலோட ஆயில் ப்ளக்க லேசா தொறந்து பாருங்க, பால் டீ கலர்ல வந்தா அன்னிக்கே மாத்திடுங்க, ப்ரீதரையும் க்ளீன் பண்ணுங்க.

சூடாகுற பிரச்சனைக்கு தெர்மோஸ்டாட்டுக்கு (சூட்டுக்கு ஏத்தபடி கூலன்ட்ட விடுற வால்வுக்கு) முன்னாடி ரேடியேட்டர பாருங்க, சேறு காஞ்சு ஃபின் அடைச்சிருக்கும். வண்டி நல்லா ஆறுனதும் இன்ஜின் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா தண்ணி அடிங்க, ப்ரஷர் ரொம்ப வேணாம், ஃபின் மடங்கிடும். கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியில மட்டும் கை வைக்காதீங்க.