பச்சையாகச் சாப்பிடும் காய்கறியின் அளவைக் கண்ணாலேயே கணக்கிடுவது எப்படி?

ஒரு நாளைக்குக் காய்கறியும் பழமும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம் (உருளைக்கிழங்கு மாதிரி மாவுச்சத்துக் கிழங்குகள் இதில் சேராது). ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு 80 கிராம். சரி, அந்த 80 கிராம் தட்டில் எவ்வளவு இடத்தை அடைக்கும்?

கெட்டியான காய்களில் சிக்கல் இல்லை. நடுத்தரத் தக்காளி ஒன்று, செர்ரி தக்காளி என்றால் ஏழு, பருமனான வெள்ளரியில் 5 செ.மீ. துண்டு, இதெல்லாம் ஒரு பங்கு. கேரட் சுமாரான அளவில் இருந்தால் ஒன்றேகால் போடுங்கள்.

இலைகளில்தான் கண் ஏமாறும். 240 மி.லி. கப்பில் பசலைக்கீரையை அமுக்காமல் நிரப்பினால் வெறும் 30 கிராம், அதே கப்பில் நறுக்கிய கேரட்டைப் போட்டால் 120 கிராமைத் தாண்டிவிடும், அதனால் லெட்டூஸ் குவிந்து கிடக்கிற பெரிய கிண்ணத்தைப் பார்த்து இன்றைய கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், அது ஒரு பங்கு இருந்தாலே அதிகம். அமெரிக்க உணவு வழிகாட்டிகூட இரண்டு கப் பச்சை இலையைத்தான் ஒரு கப் காய்கறியாக எடுத்துக்கொள்கிறது. வதக்கினால் கதையே வேறு, கீரை சுருங்கிவிடும். பச்சை அளவையும் வெந்த அளவையும் ஒரே கப்பில் ஒப்பிடக் கூடாது.

காலத்துக்கும் தராசும் கையுமாக இருக்கத் தேவையில்லை. சில நாள் மட்டும் தோல், காம்பு, விதை நீக்கிய பிறகு (இது முக்கியம்) எடை போட்டு, நீங்கள் தினமும் சாப்பிடுகிற அதே கிண்ணத்தில் கொட்டி, எதுவரை வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தை மாற்றினால் இந்தக் கணக்கு செல்லாது! வெளியே சாப்பிடும்போது உங்கள் முஷ்டியை ஏறக்குறைய ஒரு கப் என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு அவரவர் உள்ளங்கை கொள்ளும் அளவே ஒரு பங்கு.

அப்புறம், மேலே ஊற்றுகிற எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி, 80 கிராம் வெள்ளரியில் 15கூட இல்லை. காயை அளந்துவிட்டு எண்ணெயைக் கண்மூடி ஊற்றுவதில் என்ன பயன்?

பச்சையாகச் சாப்பிட்டுப் பழகாதவர்கள் அளவை மெதுவாகக் கூட்டுங்கள், திடீரென்று ஏற்றினால் வயிறு உப்பும். சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் இந்த 400 கிராம் கணக்கை விட்டுவிட்டு மருத்துவர் சொல்கிற அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.