கோடை மழைக்குப் பூக்கும் கிழங்குகள்: அவசரப்பட்டுக் கெடுக்காதீர்கள்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் இணையக் கடைகளில் டியூலிப், டாஃபோடில் கிழங்குகள் வந்துவிடும். அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்துக் கோவையிலும் ஈரோட்டிலும் நிறையப் பேர் வாங்குகிறார்கள். முதல் தவறு இங்கேயே ஆரம்பிக்கிறது. டியூலிப் கிழங்குக்குள் இருக்கும் மொட்டு ஒழுங்காக மேலே வர, 9 டிகிரிக்குக் கீழே 12 முதல் 16 வாரம் குளிர் வேண்டும். கோவையில் மார்கழி இரவிலேயே 18 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஃபிரிட்ஜில் வைத்து நடலாமே என்பார்கள். வைக்கலாம்தான். ஆனால் அதே தட்டில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருந்தால், பழுக்கும்போது வரும் எத்திலீன் வாயு மொட்டை உள்ளேயே கருக்கிவிடும். அதையும் தாண்டி ஒரு தடவை குட்டையாகப் பூத்தாலும், நம் வெயிலில் அடுத்த வருஷத்துக்கு அந்தக் கிழங்கு தேறாது. டியூலிப் பார்க்க ஆசை இருந்தால் ஸ்ரீநகர்த் தோட்டத்துக்கு ஏப்ரல் வாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருவதே மேல்.

குளிர்நாட்டுக் காடுகளில் ஸ்னோடிராப், புளூபெல் போன்றவை மரங்கள் தழைத்து நிழல் கட்டுவதற்கு முன்பே, அந்தக் கொஞ்ச நாள் வெளிச்சத்தில் பூத்து முடித்துவிடுகின்றன. நம் ஊர் வறண்ட காட்டில் கணக்கு வேறு. இங்கே கிழங்கைத் தூங்கவைப்பது குளிர் இல்லை, மண்ணின் காய்ச்சல். மாசி, பங்குனியில் மண் காய்ந்து கிடக்கும்போது உள்ளே ஒடுங்கியிருந்து, சித்திரை, வைகாசிக் கோடை மழைக்குத்தான் பலதும் எழும்பும். தோட்டத்தில் பந்து போலப் பூக்கும் ஃபுட்பால் லில்லி அப்படி. மழை லில்லி அப்படி. நரிவெங்காயம் இன்னும் ஒரு படி மேலே போய், மழைக்குக்கூடக் காத்திருக்காமல் இலையே இல்லாத மொட்டைத் தண்டில் கோடையிலேயே பூத்துவிடும், இலை பிறகுதான்.

ஆகவே நம் தோட்டங்களில் நடக்கும் பெரிய சேதம், வெறும் மண் என்று நினைத்துக் கொத்திவிடுவது. இலை காய்ந்து போனதும் செடி செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்து, அந்த இடத்தில் கத்தரி நாற்று வைத்துவிடுகிறார்கள். இலை காயும் முன்னே பக்கத்தில் ஒரு குச்சியோ ஓட்டுச்சில்லோ நட்டு வைத்தால் போதும். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: பாவம் காய்கிறதே என்று தூங்கும் கிழங்குக்குத் தினமும் தண்ணீர் விடுவது. இலை இல்லாத கிழங்கு தண்ணீரை இழுக்காது. ஈரம் தேங்கி அழுகும், அவ்வளவுதான். மழை லில்லிக்குக் காய்ச்சல் இன்னும் முக்கியம். நன்றாகக் காய்ந்து பிறகு நனைந்தால்தான் ஒரே சமயத்தில் பாத்தி நிறையப் பூ வரும். தினமும் ஊற்றும் தொட்டியில் புல்லாகத்தான் மண்டிக் கிடக்கும்.

எல்லாக் கிழங்கும் தூங்கும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. விஷமூங்கில் என்கிற கிரைனம் லில்லியும் ஸ்பைடர் லில்லியும் வருஷம் முழுக்கப் பச்சையாக இருப்பவை. அவற்றைக் காயப்போட்டால் இலை துவண்டு மஞ்சளாகும்.

அழுகலுக்கு இன்னொரு காரணம் தொட்டி மண். பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார்க் கழிவு மலிவாகக் கிடைப்பதால், தொட்டியில் பாதிக்கு அதையே போட்டுவிடுகிறோம். கீரைக்கு நல்லது. கிழங்குக்கு ஆகாது, ஐப்பசி அடைமழையில் அது நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். செம்மண், கொஞ்சம் மணல், மட்கிய எரு, அடியில் நல்ல ஓட்டை, இது போதும். ஆழத்திலும் கவனம் வேண்டும். அமரில்லிஸ் என்று நர்சரியில் கொடுக்கும் பெரிய கிழங்கை முழுதாகப் புதைக்கக் கூடாது. கழுத்தும் மேல் தோளும் மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். மழை லில்லிக்கு இரண்டு விரற்கடை மண் மேலே இருந்தால் சரி.

அடுத்தது அடையாளம். உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மழை லில்லியின் இலை வெங்காயத் தாள் மாதிரியே இருக்கும். கிழங்கும் சின்ன வெங்காயம் போலத்தான். ஆனால் அதில் லைகோரின் என்ற நச்சு இருக்கிறது, தின்றால் வாந்தி எடுக்க வைக்கும். இலையைக் கசக்கி மோந்து பார்த்து, வெங்காய வாசம் இல்லையென்றால் சமையல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கீரைப் பாத்தியின் ஓரத்தில் இதை நடவே வேண்டாம். நரிவெங்காயத்தை வெறுங்கையில் உரித்தால் அரிப்பு எடுக்கும், அதுவும் நச்சுதான்.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது செங்காந்தள். மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று ஏக்கர் கணக்கில் விதைக்காகப் பயிராகிறது. கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலியில் கிளுவை மேல் தானாகவும் ஏறிக் கிடக்கும். விதையிலும் கிழங்கிலும் இருக்கும் கோல்சிசின் மருந்துக்குப் போகிறது, அதே பொருள்தான் ஆளையும் கொல்லும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. பூ இல்லாதபோது இலை நுனியைப் பாருங்கள்: நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகியிருந்தால் செங்காந்தள். கிழங்கு வளைந்து கவட்டை போல் இரண்டு கையாகப் பிரிந்திருக்கும். முளை அந்தக் கையின் நுனியில் இருப்பதால், நடும்போது நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. கையுறை போட்டுக்கொண்டு, படுக்கை வசமாக வையுங்கள். ஆடியில் வைத்தால் புரட்டாசி, ஐப்பசியில் பூ பார்க்கலாம். ஏற ஒரு விளாரோ கம்பியோ அப்போதே நட்டுவிடுங்கள். கொடி எழும்பிய பிறகு குத்தினால் கிழங்கில்தான் குத்துவீர்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இந்தச் செடியே வேண்டாம் என்பது என் கட்சி.

வெள்ளைப் பூக்களில் குழப்பம் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் நர்சரியில் ஏமாறுவீர்கள். விஷமூங்கில், ஸ்பைடர் லில்லி இரண்டுமே நீள இதழோடு இருக்கும். மகரந்தக் காம்புகளை அடியில் பாருங்கள். அவற்றை இணைத்து மெல்லிய வெள்ளைக் கிண்ணம் இருந்தால் அது ஸ்பைடர் லில்லி. காம்புகள் தனித்தனியாக நின்றால் விஷமூங்கில். நம் காடுகளில் இருக்கும் பான்கிரேஷியம் என்ற வெள்ளை லில்லிக்கும் இதே கிண்ணம் உண்டு. அதன் விதை கறுத்துக் காய்ந்திருக்கும், ஸ்பைடர் லில்லியின் விதை பச்சையாகச் சதைப்பற்றோடு இருக்கும். இலையை மட்டும் வைத்து இவற்றைப் பிரிப்பது கைதேர்ந்தவர்களுக்கே சிரமம்.

பூ முடிந்ததும் அழகில்லை என்று இலையை வெட்டுகிறவர்கள் அடுத்த வருஷம் பூக்கவில்லை என்று உரம் வாங்கப் போகிறார்கள். இலைதான் கிழங்குக்குச் சோறு சேர்க்கிறது. வாடிய பூத்தண்டை மட்டும் நறுக்கிவிட்டு, இலை தானாக மஞ்சளாகும்வரை விடுங்கள். எருவை அந்தச் சமயத்தில் கொடுங்கள். யூரியா போட்டால் இலைதான் வரும்.

மழையோடு புழுவும் வரும். கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த லில்லிப் புழு, செங்காந்தளையும் மற்ற லில்லிகளையும் சில நாளில் தண்டு மட்டும் மிஞ்சும்படி தின்றுவிடும். ஆரம்பத்தில் கூட்டமாகவே இருப்பதால், காலையில் இலைக்கு அடியில் பார்த்துப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் மருந்தே தேவைப்படாது.

கடைசியாக, காட்டிலிருந்து தோண்டி வருவது. சத்தியமங்கலமோ ஆனைமலையோ, காப்புக்காட்டில் கிழங்கு எடுப்பது குற்றம். அப்படி எடுத்து வந்ததும் பெரும்பாலும் நம் தொட்டியில் பிழைக்காது. நர்சரியில் பூத்திருக்கும்போதே தேர்ந்தெடுங்கள், கிழங்கை அமுக்கிப் பார்த்துக் கெட்டியாக இருந்தால் வாங்குங்கள். பக்கத்து வீட்டில் மழை லில்லி இருந்தால் அதை வாங்கக்கூட வேண்டாம். பக்கக் கிழங்கு நாலு கேட்டாலே கொடுத்துவிடுவார்கள்.