தாத்தா நிஜமாகவே காந்தியோடு ஜெயிலுக்குப் போனாரா? குடும்ப வரலாறு தேடத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. கொள்ளுத்தாத்தாவின் தம்பி முனுசாமி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார், அங்கே காந்தியோடு ஜெயிலுக்குப் போனார், திரும்பி வரவே இல்லை. அவருடைய கொள்ளுப்பேத்தி டர்பனில் இருக்கிறார், எனக்கு அக்கா முறை. போன வருடம் அவர் எங்களைத் தேடிப் பிடித்ததிலிருந்து இருவரும் சேர்ந்துதான் இதைத் தோண்டிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்குக் கைகொடுத்த வழியை அப்படியே சொல்கிறேன்.

முதலில், பெரிய மனிதரிலிருந்து தொடங்காதீர்கள். உங்களிலிருந்து தொடங்கி, அப்பா, தாத்தா என்று ஒவ்வொரு படியாக மேலே போங்கள். வயதானவர்களிடம் "நம்ம முன்னோர் யாரு?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். "உங்க கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் பரணில் இருக்கும் மொய் நோட்டை எடுங்கள். பெயரும் ஊரும் சேர்ந்தே இருக்கும், வேறு எந்தக் காகிதமும் உறவுக்காரர்களை இவ்வளவு வரிசையாகத் தருவதில்லை. பழைய கிரயப் பத்திரத்தில் "இன்னார் குமாரர் இன்னார்" என்று இருக்கும், அதில் ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும்.

இரண்டாவது, பெயர்க் குழப்பம். பேரன் என்றாலே பெயரன்தான், தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். எங்கள் வம்சத்தில் மூன்று முனுசாமிகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பெயரோடும் தோராயமான பிறந்த வருடம், அப்பா பெயர், ஊர் மூன்றையும் எழுதாவிட்டால் ஒருவர் செய்ததை இன்னொருவர் கணக்கில் ஏற்றிவிடுவீர்கள்.

மூன்றாவது, கப்பல் பட்டியல். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் முனுசாமி மூன்சாமி ஆகியிருப்பார், கவுண்டர் கவெண்டர் ஆகியிருப்பார். அதனால் பெயரை மட்டும் வைத்துத் தேடாமல், கிராமத்தையும் அப்பா பெயரையும் வைத்துத் தேடுங்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கிடைக்கும் காகிதங்களில் ஆளை உறுதி செய்ய அதுதான் உதவும்.

எங்கள் ஊர்ப் பெயரில் இரண்டு முனுசாமிகள் வந்தார்கள். ஒருவருக்கு "இடது புருவத்தில் தழும்பு" என்று இருந்தது. அதை அக்கா அனுப்ப, நான் ஊரில் இருக்கும் தொண்ணூறு வயது பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். "மாடு முட்டுன தழும்புன்னு என் மாமியார் சொல்லுவாங்களே!" என்றார். 1909-ல் இறங்கியவர்தான் எங்கள் ஆள். டர்பனில் இருந்த காகிதத்துக்கு ஊரில் இருந்த ஞாபகம் தேவைப்பட்டது. சேர்ந்து தேடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

நான்காவது படிதான் கஷ்டமானது. வீட்டுக் கதையை வரலாற்றோடு உரசிப் பார்க்க வேண்டும். காந்தியின் இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் சிறை சென்றவர்களின் பெயர்கள் வந்தன, காந்தி ஹெரிடேஜ் போர்ட்டல் என்ற இணையதளத்தில் பழைய இதழ்களைப் படிக்கலாம். 1909-ஆம் வருட இதழ் ஒன்றில் அதே பெயரைப் பார்த்ததும் நாங்கள் துள்ளிக் குதித்தோம். ஆனால் அந்த முனுசாமி ஜோகன்னஸ்பர்க்கில் கூடை வியாபாரம் செய்தவர். எங்கள் தாத்தாவோ அப்போதுதான் இறங்கி, ஐந்து வருட ஒப்பந்தத்தில் நேட்டால் கடலோரத் தோட்டத்தில் இருந்தவர். அவர் இவராக இருக்க முடியாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கேயே தங்கியவர்கள் மீது போட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது 1913-ல். நவம்பரில் அது கடலோரக் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது, ஆயிரக்கணக்கானவர்கள் சிறைப்பட்டார்கள். தாத்தா போயிருந்தால் அப்போதுதான் போயிருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை, அதனால் பெயர் இல்லை என்பதை வைத்துக் கதை பொய் என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள்.

இதே முறையில் மற்றவற்றையும் சோதிக்கலாம். தில்லையாடி வள்ளியம்மையின் நேரடி வாரிசு என்று யாராவது சொன்னால், அவர் 1914-ல் 16 வயதில் இறந்தவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உறவு என்றால் உடன்பிறந்தவர்கள் வழியாகத்தான் இருக்க முடியும்.

கடைசியாக, இருவரும் திருத்தக்கூடிய ஒரே கூகுள் ஷீட்டில் எல்லாவற்றையும் வையுங்கள். "எங்கிருந்து தெரிந்தது" என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். ஒருவர் ஏற்றியதை மற்றவர் சரிபார்க்கும்வரை இணையத்தில் வம்சாவளி மரம் எதிலும் போடாதீர்கள், பத்துப் பேர் அதை அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

எங்கள் ஷீட்டில் தாத்தாவின் வரியில் "1913, சிறை: இருக்கலாம்" என்றுதான் இருக்கிறது. ஆடியில் அக்கா ஊருக்கு வருகிறார். குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடும்போது மிச்சமிருக்கும் மொய் நோட்டுகளையும் படம் எடுக்கப்போகிறோம்.