ஆஸ்திரேலிய விசா: ஏஜென்ட் வைப்பதா, நாமே போடுவதா?

எந்த ஏஜென்டாலும் விசா வாங்கித் தர முடியாது. முடிவெடுப்பவர் ஆஸ்திரேலிய உள்துறையின் அதிகாரி. ஏஜென்ட் மூலம் வந்த விண்ணப்பத்துக்குத் தனி வரிசையோ சலுகையோ கிடையாது. அவரும் நீங்களும் நிரப்புவது உள்துறையின் இணையத் தளமான இம்மிஅக்கவுண்டில் உள்ள ஒரே படிவத்தைத்தான், கட்டுவதும் ஒரே கட்டணத்தைத்தான். ஆகவே காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் ஃபைலில் இருப்பது காகித வேலை மட்டுமா, சட்டச் சிக்கலும் உண்டா? காகித வேலை என்றால் பொறுமையுள்ள யாரும் செய்துவிடலாம். சட்டச் சிக்கல் இருந்தால் நல்ல ஏஜென்டுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

இதைக் கண்டுபிடிக்க, யாரையும் பார்க்கப் போகுமுன் ஒரு வார இறுதியை ஒதுக்குங்கள். கடந்த 10 ஆண்டுகளில் குடியிருந்த முகவரிகள், வெளிநாட்டுப் பயணங்கள், பார்த்த வேலைகள், வேலையில்லாமல் இருந்த மாதங்கள் எல்லாவற்றையும் தேதியோடு ஒரே தாளில் எழுதுங்கள். பின்னணி விவரங்களுக்கான படிவம் 80 கேட்பது பெரும்பாலும் இதைத்தான். ஏஜென்ட் வைத்தாலும் இந்த விவரத்தை உங்களிடம்தான் கேட்பார், அதனால் இந்த உழைப்பு எப்படியும் உங்களுடையதுதான்.

அடுத்து, பெயரும் பிறந்த தேதியும். நம்மவர்களின் ஃபைல் அதிகம் முட்டிக்கொள்வது இங்கேதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக, டிகிரியில் இன்னொரு எழுத்துக்கூட்டல், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். இது குற்றமில்லை. படிவத்தில் 'வேறு பெயர்கள்' என்று கேட்கும் இடத்தில் எல்லா வடிவங்களையும் எழுதி, எல்லாம் ஒரே ஆள்தான் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் இணைத்தால் பெரும்பாலும் போதும். ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த தேதி ஒன்று, பிறப்புச் சான்றிதழில் வேறொன்று என்றால் நீங்களாகவே சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அடையாளம் குறித்துத் தவறான தகவல் தந்ததாக அதிகாரி கருதினால் பிஐசி 4020 என்ற விதி பாயும், 10 ஆண்டு தடை வரலாம். மற்ற பொய்த் தகவல், போலி ஆவணங்களுக்கு 3 ஆண்டு. தேதி முரண்பாடு உள்ளவர்கள் விண்ணப்பிக்குமுன் ஒரு முறையாவது பதிவுபெற்ற ஏஜென்டிடம் ஆலோசனை பெறுவது நல்லது.

வேலைத் திறனை வைத்துத் தரும் ஸ்கில்ட் விசா (189, 190, 491 வகைகள்) போடுகிறவர்கள் அடுத்து பாயிண்ட்ஸ் கணக்கைப் பார்க்க வேண்டும். குறைந்தபட்சம் 65 வேண்டும், இன்விடேஷன் (விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு) வர நடைமுறையில் அதைவிட அதிகம் தேவைப்படும். வயது 25 முதல் 32 வரை 30 பாயிண்ட், இளநிலைப் பட்டத்துக்கு 15, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் நான்கு பிரிவிலும் 7 வாங்கினால் 10, நான்கிலும் 8 என்றால் 20. தமிழ் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: மொழிபெயர்ப்பாளர்களை அங்கீகரிக்கும் அமைப்பான நாட்டி நடத்தும் சிசிஎல் என்ற மொழித் தேர்வு தமிழிலும் இருக்கிறது, தேறினால் 5. இந்தக் கூட்டல் எவருக்கும் வரும். தவறுவது அனுபவக் கணக்கில்தான்.

ஐடி வேலைக்காரர்களின் தகுதியை மதிப்பிடும் அமைப்பான ஏசிஎஸ் தரும் ஸ்கில் அசெஸ்மென்ட் கடிதத்தில், 'இந்தத் தேதிக்குப் பிறகான வேலையே திறன்சார் அனுபவம்' என்று ஒரு தேதி இருக்கும். பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளையோ நான்கு ஆண்டுகளையோ அவர்கள் கழித்திருப்பார்கள். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே 2016 ஜூனில் வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு இரண்டு ஆண்டு கழிந்தால், கணக்கு 2018 ஜூனில் தொடங்கும். 2025 டிசம்பரில் அவர் கையில் ஒன்பதரை ஆண்டு இருப்பதாகத் தோன்றும், 8 ஆண்டுக்கு மேல் என்று 15 பாயிண்ட் போட்டுவிடுவார். உண்மையில் எண்ணப்படுவது ஏழரை ஆண்டு, அதற்கு 10தான். இன்விடேஷனில் இருந்த மதிப்பெண் விசா பரிசீலனையில் குறைந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், கட்டிய பணம் திரும்பாது. 189க்கு முதன்மை விண்ணப்பதாரர் கட்டணம் 2025 ஜூலை நிலவரப்படி 4,910 ஆஸ்திரேலிய டாலர். ஐந்து பாயிண்ட் பிழைக்கு இது மிகக் கொடூரமான விலை.

இன்விடேஷன் வரும்வரை ஈஓஐயை (அழைப்பு கேட்டு முதலில் பதியும் விருப்ப மனு) எத்தனை முறையும் திருத்தலாம், கட்டணம் இல்லை. வந்த பிறகு அது பூட்டிக்கொள்ளும். பிழை அப்போதுதான் கண்ணில் பட்டால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். விண்ணப்பிக்கத் தரும் 60 நாள் கெடு தானாகக் கழியட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம். இப்படி இரண்டு முறை வந்த இன்விடேஷனைப் பயன்படுத்தாமல் விட்டால் ஈஓஐ நீக்கப்படும், அப்போது புதிதாகப் போட வேண்டும்.

வேலைக்கான ஆதாரத்தில் கடிதம் மட்டும் போதாது. லெட்டர்ஹெட்டில் பதவி, பணிகள், தேதிகள், முழுநேரமா என்ற விவரம் இருக்க வேண்டும். அதோடு சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக், சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கு. இலங்கையில் வேலை பார்த்தவர்களுக்கு ஈபிஎஃப், ஈடிஎஃப் பதிவுகள். பணி விவரம் எழுதித் தர நிறுவனம் மறுத்தால், மேலாளராக இருந்தவரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கலாம். கையில் காசாகச் சம்பளம் வாங்கிய காலத்துக்கு ஆதாரம் இல்லையென்றால் அந்தக் காலத்தைப் பாயிண்டுக்குக் கோராமல் விடுவதே பத்திரம்.

இதுவரை எல்லாம் தெளிவாக இருந்தால், நீங்களே போடுங்கள்.

ஏஜென்டோ குடியேற்ற வழக்கறிஞரோ நிஜமாகவே தேவைப்படும் இடங்கள் வேறு. ஆஸ்திரேலியாவில் இருக்கும்போது விசா நிராகரிக்கப்பட்டவர்கள் முதலில். குடியேற்றச் சட்டத்தின் பிரிவு 48 இவர்களில் பலரை உள்நாட்டிலிருந்து பெரும்பாலான விசாக்களுக்கு மறுபடி விண்ணப்பிக்க விடாது. விசா முடிந்தும் தங்கிவிட்டவர்கள், குற்ற வழக்குப் பின்னணி உள்ளவர்கள், குடும்பத்தில் ஒருவருக்குச் செலவு அதிகமாகும் உடல்நிலை உள்ளவர்கள், முந்தைய திருமணத்துக் குழந்தையை அழைத்துச் செல்பவர்கள், 45 வயதை நெருங்குபவர்கள் ஆகியோரும் தனியே இறங்கக் கூடாது. பார்ட்னர் விசாவில் பணம், வீட்டு நிர்வாகம், சமூக அங்கீகாரம், பரஸ்பர உறுதி என்று நான்கு பக்கமும் பார்ப்பார்கள். பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம், சேர்ந்து வாழ்ந்த நாட்கள் குறைவு என்றால் எதை எப்படிக் காட்டுவது என்று தெரிந்தவர் துணை உதவும். அமெரிக்க விசாவோ கனடா விசாவோ மறுக்கப்பட்டிருந்தால் அது மட்டும் தடையாகாது. மறைத்தால்தான் ஆபத்து.

நடுவழி ஒன்றும் இருக்கிறது, பலருக்கு இதுவே சரி. முழு ஃபைலையும் ஒப்படைக்காமல் ஒரு மணி நேரக் கட்டண ஆலோசனை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிவைத்த தாளையும் அசெஸ்மென்ட் கடிதத்தையும் முன்கூட்டியே அனுப்பி, எந்தத் தொழில் குறியீடு பொருந்தும், எத்தனை பாயிண்ட் நிற்கும், எந்த இடத்தில் அதிகாரி சந்தேகப்படுவார் என்ற மூன்றையும் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆள் வைப்பதென்று முடிவானால், முதலில் பதிவு எண். ஆஸ்திரேலியாவில் ஏஜென்டுகளைப் பதிவு செய்யும் அமைப்பு ஓமாரா. ஒவ்வொருவருக்கும் 7 இலக்க எண் உண்டு, அதன் இணையப் பட்டியலில் யாரும் தேடிப் பார்க்கலாம். 2021 மார்ச் முதல் முழு உரிமம் பெற்ற வழக்கறிஞர்கள் இந்தப் பதிவு இல்லாமலே குடியேற்ற ஆலோசனை தரலாம், அவர்களை அந்த மாநில வழக்கறிஞர் பதிவேட்டில் பாருங்கள். ஆஸ்திரேலிய மண்ணில் இவை இரண்டும் இல்லாதவர் காசு வாங்கி இந்த வேலை செய்தால் 10 ஆண்டு வரை சிறை. சென்னை, கோவை, கொழும்பில் இருப்பவரை அந்தச் சட்டம் எட்டிப் பிடிக்காது. 'எங்கள் மெல்பர்ன் கிளையில் பதிவு இருக்கிறது' என்றால், என் படிவத்தில் கையெழுத்திடப் போகிறவர் யார், அவருடைய எண் என்ன என்று கேளுங்கள். கல்லூரியில் சேர்த்துவிடும் கல்வி ஏஜென்ட் வேறு, மைக்ரேஷன் ஏஜென்ட் வேறு. கல்வி ஏஜென்டுக்குக் கல்லூரி கமிஷன் தருகிறது, அவர் சொல்லும் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) யோசனையை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

விசா நிச்சயம் என்று உத்தரவாதம் தருகிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் தர வேண்டும், முன்பணத்தை வாடிக்கையாளர் பணத்துக்கான தனிக் கணக்கில் வைக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அரசுக் கட்டணம் சேர்ந்ததா, நிராகரிக்கப்பட்டால் என்ன, பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏஜென்டை நியமிக்க படிவம் 956, நீக்கவும் அதே படிவம்தான். வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். ஏஜென்ட் நிரப்பினாலும் சட்டப்படி நிரப்பியவர் நீங்களே என்று குடியேற்றச் சட்டத்தின் பிரிவு 98 சொல்கிறது. அவர் சேர்த்த பொய்க்கும் தடை உங்களுக்குத்தான். அதனால் சமர்ப்பிக்குமுன் முழு விண்ணப்பத்தையும் பிடிஎஃப்பாக வாங்கி வரிக்கு வரி படியுங்கள். சமர்ப்பித்ததும் டிஆர்என் என்ற விண்ணப்பக் குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, உங்கள் சொந்த இம்மிஅக்கவுண்டில் அந்த விண்ணப்பத்தை இணைத்துக்கொள்ளுங்கள். அப்போது அங்கே நடப்பது உங்களுக்கும் தெரியும். எண் தர மறுப்பவரை நம்ப ஒரு காரணமும் இல்லை.

நீங்களே போடும்போது போலீஸ் சான்றிதழை முன்கூட்டியே தொடங்குங்கள். இன்விடேஷனுக்குப் பிறகான 60 நாளைத் தின்பது அதுதான். கலர் ஸ்கேன், ஒரு கோப்பு 5 எம்பிக்குள். தமிழ், சிங்கள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு. ஆஸ்திரேலியாவில் செய்தால் நாட்டி அங்கீகாரம் பெற்றவர் வேண்டும், வெளியே செய்தால் மொழிபெயர்த்தவரின் பெயர், முகவரி, தகுதி அதில் இருக்க வேண்டும். சமர்ப்பித்த பிறகு பிழை தெரிந்தால் மறைக்காமல் படிவம் 1023 மூலம் திருத்துங்கள். மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியைத் தினமும் பாருங்கள், கூடுதல் ஆவணம் கேட்டு வரும் கடிதத்துக்கு வழக்கமாக 28 நாள்தான் தருவார்கள்.

நிராகரிப்புக் கடிதம் வந்துவிட்டால் அன்றைக்கே வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். மறுஆய்வு உரிமை உண்டா, எந்தத் தேதிக்குள் என்பது அந்தக் கடிதத்திலேயே இருக்கும். 2024 அக்டோபரில் பழைய மறுஆய்வுத் தீர்ப்பாயமான ஏஏடிக்குப் பதிலாக வந்த ஏஆர்டி தீர்ப்பாயம், விசா வழக்குகளில் அந்தக் கெடு ஒரு நாள் தாண்டினாலும் மனுவை ஏற்காது.