சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறீர்களா? மருத்துவக் காப்பீட்டை முதலில் பாருங்கள்

வேலை உறுதியானதும் வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி என்று அலைகிறோம். மருத்துவக் காப்பீட்டைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். அங்கேதான் கவனம் வேண்டும்.

மெடிஷீல்ட் லைஃப் என்ற சிங்கப்பூர் அரசின் அடிப்படை மருத்துவக் காப்பீடு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். வொர்க் பெர்மிட் (உடலுழைப்பு போன்ற வேலைகளுக்கான அனுமதி), எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைகளுக்கான அனுமதி) ஊழியர்களுக்கு முதலாளி காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலை முதல் அதன் குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). உயர்நிலை வேலைகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸில் வருபவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. டிபென்டன்ட் பாஸில் வரும் மனைவி, பிள்ளைகளுக்கும் இல்லை. அரசு மருத்துவமனைக்கே போனாலும் மானியம் இல்லாத கட்டணம்தான். ஆகவே வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே, "குடும்பத்துக்கும் சேர்த்தா? ஆண்டுக்கு எவ்வளவு வரை?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியாக எடுப்பதென்றால் சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காதீர்கள். பிரீமியம் ஏறுமே என்று மறைத்தால், பணம் தேவைப்படும் நேரத்தில் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். பிரசவச் செலவுக்குப் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் உண்டு, அதாவது பாலிசி எடுத்தபின் அந்தக் காலம் முடிந்தால்தான் அந்தச் செலவுக்குப் பணம் கிடைக்கும். பல மாதங்கள் ஓடிவிடும். குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதியர் வந்தவுடனேயே இதை விசாரித்துவிடுங்கள்.

அப்புறம், ஊரில் எடுத்த பாலிசியை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். இங்கே அது பெரும்பாலும் செல்லாது, சரி. ஆனால் சில வருடம் கழித்து ஊர் திரும்பிப் புதிதாக எடுத்தால், வயதுக்கேற்ப பிரீமியமும் கூடும், பழைய நோய்களுக்கான காத்திருப்பும் முதலிலிருந்து தொடங்கும்.