டிஜே கன்ட்ரோலர் வாங்கும்முன் சோதிக்க வேண்டியவை

டிஜே கன்ட்ரோலர் தானாகப் பாடும் கருவி அன்று. பாட்டு மடிக்கணினியில் இருக்கிறது. இரண்டு பாட்டுகளைக் கலக்கும் வேலையை அங்குள்ள மென்பொருள் செய்கிறது. கன்ட்ரோலர் நம் கையசைவை அந்த மென்பொருளுக்குத் தெரிவித்து, அது தரும் ஒலியைத் தன்னுள் உள்ள சவுண்டு கார்டு வழியாக ஆம்ப்புக்கும் ஹெட்ஃபோனுக்கும் தனித்தனியாக அனுப்புகிறது. ஆகவே கையசைவை எவ்வளவு நுட்பமாக அளக்கிறது, ஒலியை எவ்வளவு சுத்தமாக வெளியே விடுகிறது என்ற இரண்டையும் பார்த்த பிறகே விளக்கு, பேட் (விரலால் தட்டும் ரப்பர் பட்டன்), எஃபெக்ட் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும். விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் காட்டுகின்றன.

கருவியைப் பார்க்கும் முன்னரே மென்பொருளை முடிவு செய்துகொள்வது நல்லது, ஏனெனில் பல கன்ட்ரோலர்கள் ஏதாவது ஒரு மென்பொருளை மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன. கிளப்புகளில் பயனியர் டிஜேயின் சிடிஜே பிளேயர்களே பரவலாக இருப்பதால், பின்னாளில் அங்கே வாசிக்க நினைப்பவர் அந்நிறுவனத்தின் மென்பொருளான ரெகார்ட்பாக்ஸில் பழகினால், வீட்டில் ஒழுங்குபடுத்திய பாட்டுத் தொகுப்பையும் பாட்டில் தொடங்க வேண்டிய இடங்களைக் குறிக்கும் கியூ புள்ளிகளையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிச் சென்று அப்படியே பயன்படுத்தலாம். ஸ்கிராட்ச் செய்வதில், அதாவது இசைத்தட்டை முன்பின் தேய்த்து ஒலி எழுப்புவதில், நாட்டமுள்ளவர்கள் செராட்டோ என்ற மென்பொருளை விரும்புவார்கள். ஆனால் தொடக்கநிலைக் கன்ட்ரோலர்களுடன் அதன் லைட் பதிப்புதான் வரும், முழுப் பதிப்பான ப்ரோவுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். எந்தக் கன்ட்ரோலர் எந்தப் பதிப்பைத் திறந்துவிடுகிறது என்பதைக் கருவியின் விலையோடு சேர்த்துக் கணக்கிடாதவர்கள், மலிவு என்று நினைத்து வாங்கியதற்குக் கடைசியில் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள். பணம் இறுக்கமாக இருந்தால் மிக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் அது, பல நிறுவனங்களின் கன்ட்ரோலர்களை ஏற்கும்.

இனி, நம் பாட்டுகளைக் கலக்க விரும்புவோர்க்கென்றே உள்ள ஒரு சிக்கல். சின்க் பட்டனை அழுத்தினால் இரண்டு பாட்டுகளின் வேகமும் அடியும் தாமே பொருந்திவிடும் என்பது ஹவுஸ், டெக்னோ போன்ற இசைக்குப் பெரிதும் உண்மை. அவை கணினியில் ஒரே சீரான வேகத்தில், நான்கு அடிக் கணக்கில் உருவாகின்றன. குத்துப் பாட்டுகளில் பெரும்பகுதி ஆறு எட்டில், அதாவது திஸ்ர நடையில் அமைந்தவை. பெரும்பாலான டிஜே மென்பொருள்கள் எல்லாவற்றையும் நான்கு அடியாகவே எண்ண முயல்வதால், நம் காலுக்கு 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 அடி) என்று படும் ஒரு பாட்டை மென்பொருள் 135 என்று கணித்து, அடி விழும் இடங்களைக் குறிக்கும் பீட் கிரிட் கோடுகளைப் பறையின் அடிகளுக்கு நடுவே எங்கெங்கோ போட்டுவைக்கும். வாத்தியக்காரர்கள் ஒன்றாக அமர்ந்து வாசித்துப் பதிவான பழைய திரைப்பாடல்களில் இன்னொரு தொல்லை: பல்லவியில் ஒரு வேகம், சரணம் முடிவதற்குள் அதைவிடச் சற்றுக் கூடிய வேகம் என்று தாளம் உயிரோடு அசைந்துகொண்டிருக்கும். வேகம் மாறும் பாட்டுகளுக்கென்று ரெகார்ட்பாக்ஸில் டைனமிக் பகுப்பாய்வு இருக்கிறது, செராட்டோவில் கிரிட்டைக் கையால் இழுத்துத் திருத்தவும் முடியும். ஆனால் ஒரு கல்யாண வரவேற்பில் பெரியவர் ஒருவர் வந்து கேட்கும் பாட்டை முன்கூட்டியே திருத்திவைத்திருக்க யாராலும் முடியாது. அந்த நேரத்தில் கையால்தான் பொருத்த வேண்டும். தமிழ்ப் பாட்டுகளை வாசிக்க எண்ணுபவர் பாட்டின் வேகத்தை மாற்றும் நகர்த்தியான டெம்போ ஃபேடருக்கும், பாட்டைக் கையால் முன்பின் தள்ளும் வட்டமான ஜாக் வீலுக்கும் முதலிடம் தர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

டெம்போ ஃபேடரில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: அதன் நீளம், அதன் நுட்பம். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இசைத்தட்டுச் சுழலியின் எம்கே2 வடிவம் 1979-இல் நேர்கோட்டு ஃபேடரோடு வந்து, வேகத்தை 8 விழுக்காடு கூட்டவும் குறைக்கவும் வழி செய்தது. அந்த நீண்ட ஃபேடரே பின்வந்த கருவிகளுக்கு அளவுகோலாயிற்று. சிறிய கன்ட்ரோலர்களில் ஃபேடர் அதைவிடக் குட்டையாக இருப்பதால், விரல் ஒரு மயிரிழை நகர்ந்தாலே வேகம் தாவிவிடும். நுட்பம் என்பது எத்தனை படிகளாக அந்த அசைவு அளக்கப்படுகிறது என்பது. கருவி மென்பொருளுக்கு அனுப்பும் சாதாரண மிடி செய்தியில் 128 படிகளே உண்டு. ஃபேடர் மேலும் கீழும் 8 விழுக்காடு என்றால், மொத்தம் 16 விழுக்காட்டை 128 படிகளாகப் பிரிக்கும்போது ஒரு படிக்கு 0.125 விழுக்காடு வருகிறது. நமக்குத் தேவையான வேகம் இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்தால் 0.06 விழுக்காடு பிசகு நிற்கும். கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் தோன்றும் இந்தப் பிசகு, இரண்டு நிமிடம் இரு பாட்டுகளையும் சேர்த்து ஓட்டினால் சுமார் 75 மில்லி வினாடி இடைவெளியாக வளர்ந்து, இரண்டு தவில்கள் ஒன்றையொன்று மிதிப்பது போன்ற குழப்பத்தை உண்டாக்கும். நல்ல கன்ட்ரோலர்கள் 14 பிட்டில், அதாவது 16,384 படிகளில் அளக்கின்றன. கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம்: மென்பொருளில் பிபிஎம் எண்ணைப் பார்த்தபடி ஃபேடரை மிக மெதுவாக நகர்த்துங்கள். எண் 100.00, 100.01, 100.02 என்று ஊர்ந்தால் நல்லது, 100.00-இலிருந்து 100.12-க்குத் தாவினால் அது 128 படிக் கருவி. நடுப்புள்ளியில் ஃபேடர் சொடுக்கி நிற்கும் இடத்தைச் சுற்றியும் நகர்த்திப் பாருங்கள், ஏனெனில் சில கருவிகளில் அங்கே அசைவைக் கண்டுகொள்ளாத ஒரு செத்த இடம் இருக்கும்.

ஜாக் வீலின் ஓரத்தைத் தள்ளினால் பாட்டு சற்று முன்னேறவும், இழுத்தால் சற்றுப் பின்தங்கவும் வேண்டும். மேற்பரப்பைத் தொட்டால் இசைத்தட்டைக் கையால் பிடித்ததுபோல் நிற்க வேண்டும். மேற்பரப்பு பெரும்பாலும் தோலின் மின்னுணர்வைக் கொண்டு தொடுதலை அறிவதால், வியர்த்த கையோடும் உலர்ந்த கையோடும் தனித்தனியே தொட்டுப் பார்ப்பது வீண்வேலை அன்று. நம் ஊர் மே மாதத்துத் திறந்தவெளி மேடையில் கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். வீலைச் சுழற்றிவிட்டால் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதைவிட, மிக மெதுவாக நகர்த்தும்போது பாட்டு விட்டுவிட்டு நகராமல் ஒழுகுகிறதா என்பதே முக்கியம். ரேன் ஒன், பயனியரின் டிடிஜே-ரெவ்7 ஆகிய கன்ட்ரோலர்களில் வீல் மோட்டாரால் சுழல்கிறது. ஸ்கிராட்ச்சை முதன்மையாகக் கொண்டவருக்கு அது பொருள் உள்ள செலவு. மற்றவர்களுக்கு எடையும் விலையும்தான் கூடும்.

மிக்ஸர் பகுதியில் இரண்டு சேனலா நான்கு சேனலா, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை பாட்டுகளைக் கலக்கலாம் என்ற கேள்வியில் தொடங்குபவர்கள் வீணாகக் குழம்புகிறார்கள். இரண்டு போதும். நான்கு சேனல் வேண்டும் என்று தோன்றும் நாளில் எதற்காக வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு சேனலுக்கும் டிரிம் (பாட்டின் அடிப்படை ஒலியளவைச் சரிசெய்யும் குமிழ்), மூன்று ஈக்யூ குமிழ்கள் (பேஸ், மிட், டிரெபிளுக்கு), ஒரு ஃபில்டர், ஒலியளவு மீட்டர் ஆகியவை இருப்பது அவசியம். பழைய பாட்டுகள் மெல்லிய ஒலியளவிலும் புதியவை உரத்த ஒலியளவிலும் பதிவாகியிருப்பதால், டிரிம் இல்லாத கருவியில் பாட்டு மாறும்போதெல்லாம் கூட்டம் காதைப் பொத்திக்கொள்ளும்.

ஒலி வெளியேறும் வழிகளுக்கு வருவோம். பயனியரின் டிடிஜே-200 போன்ற மிகச் சிறிய கருவிகளில் சவுண்டு கார்டே கிடையாது. பிரிப்புக் கேபிள் ஒன்றைச் செருகி, ஒரு காதுப் பக்கத்தை ஸ்பீக்கருக்கும் மறுபக்கத்தை ஹெட்ஃபோனுக்கும் மோனோவாக அனுப்புகிறார்கள். பழக அது போதும், மேடைக்குப் போதாது. அதற்கு மேற்பட்ட தொடக்கநிலைக் கன்ட்ரோலர்களில் ஆர்சிஏ என்னும் சாதாரண ஆடியோ வழி மட்டும் இருக்கும். ஆர்சிஏ கேபிள் நீண்டால் இரைச்சலை இழுத்துக்கொள்ளும். மண்டபத்தில் சவுண்டு சர்வீஸ்காரரின் மிக்ஸர் இருபது அடி தள்ளி இருந்தால் உறுமல் கேட்கத் தொடங்கும். மூன்று முனை கொண்ட எக்ஸ்எல்ஆர் வழியுள்ள கருவியில் அந்தத் தொல்லை குறைவு. ஆர்சிஏ மட்டும் உள்ளதை வாங்கினால் கூடவே ஒரு டிஐ பாக்ஸையும் (நீண்ட கேபிளுக்கு ஏற்ப ஒலியை மாற்றித் தரும் சிறு பெட்டி) வாங்கிவிடுங்கள். உறுமல் வரும்போது மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் சுற்றால் வருவது, டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்டு லிஃப்ட் பட்டன் பெரும்பாலும் அதைத் தீர்க்கும். அதற்குப் பதிலாகப் பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் அது உயிரோடு விளையாடுவது.

ஹெட்ஃபோன் வழியைச் சோதிக்கும்போது கடையின் அமைதியை நம்பாதீர்கள். ஸ்பீக்கர் அருகில் நின்று அடுத்த பாட்டைக் கேட்டுப் பொருத்த வேண்டும் என்பதால், காது வலிக்கத் தொடங்கும் அளவுக்கு உரக்க ஒலிக்கும் திறன் அந்த வழிக்கு இருக்க வேண்டும்; 32 ஓம் அளவிலான டிஜே ஹெட்ஃபோனைச் செருகிப் பார்க்கலாம், 250 ஓம் ஸ்டுடியோ ஹெட்ஃபோன் சிறிய கன்ட்ரோலரில் முனகும். மைக் வழி நம்மவர்களுக்கு மிக அவசியம், ஏனெனில் மணமக்களை அழைக்கும் அறிவிப்பும் நம் கருவி வழியாகவே போகும். மைக்குக்குத் தனி ஒலியளவுக் குமிழ் இருக்கிறதா, மைக் ஒலி மென்பொருளின் பதிவில் சேருகிறதா என்று கேளுங்கள். சில சிறு கருவிகளில் அது நேரே வெளியே போய்விடும், பதிவில் வராது.

மடிக்கணினி எவ்வளவு விரைவாகப் பதில் சொல்கிறது என்பதும் கன்ட்ரோலரின் குணமாகவே கைக்குத் தெரியும். வினாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் என்ற கணக்கில், பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் மாதிரிகளின் எண்ணிக்கை) 256 என்று வைத்தால் சுமார் 5.8 மில்லி வினாடி தாமதம் ஏற்படும், 1024 என்றால் 23 மில்லி வினாடி. முதலாவதில் பட்டனும் ஒலியும் ஒன்றாகத் தோன்றும். இரண்டாவதில் கை முன்னே போய்க் காத்திருக்கும். விண்டோஸில் இந்தத் தாமதத்தைக் குறைக்கும், நிறுவனத்தின் சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவர் கிடைக்கிறதா என்று பாருங்கள். குரலையும் தாளத்தையும் பிரித்துத் தரும் ஸ்டெம்ஸ் வசதிக்காகவே கன்ட்ரோலர் வாங்க எண்ணினால், அந்த வேலையைச் செய்வது மடிக்கணினியின் செயலி என்பதை நினைவில் வையுங்கள். பழைய கணினியில் அது திணறும்.

பேட்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு டெக்குக்கு (ஒரு பாட்டை இயக்கும் பகுதி) எட்டு இருந்தால் வசதி. ரப்பர் மென்மையாக இருந்தால் விரல் வலிக்காது. எஃபெக்ட்டுகளில் எக்கோவும் ஃபில்டருமே பெரும்பாலும் பயன்படும்.

இவற்றையெல்லாம் கொண்டு பார்த்தால், முதன்முதலாக வாங்குபவருக்குப் பயனியரின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 பொருத்தமான தொடக்கம் என்பது என் கணிப்பு. 2018-இல் வந்த டிடிஜே-400-க்கு அடுத்த தலைமுறையான அது, ரெகார்ட்பாக்ஸைத் திறந்துவிடுவதோடு செராட்டோ லைட்டிலும் ஓடும். ஃபேடர் குட்டை, ஆர்சிஏ மட்டுமே என்ற இரண்டு குறைகளையும் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். அதில் உள்ள ஸ்மார்ட் ஃபேடர் வேகத்தையும் பேஸையும் தானே மாற்றிக் கலந்து தருகிறது. ஆறு எட்டில் அதை நம்பி இறங்க வேண்டாம். நுமார்க் மிக்ஸ்டிராக் பிளாட்டினம் எஃப்எக்ஸின் வீல்கள் ஆறு அங்குல அளவில், நடுவில் சிறு திரையோடு வருவதால், கையால் பொருத்தவே விரும்புபவர் அதை அவசியம் தொட்டுப் பார்க்க வேண்டும். மண்டபங்களில் தொழிலாகவே செய்யப்போகிறவர் எக்ஸ்எல்ஆர், பூத் வழி (டிஜே தாம் கேட்பதற்கான ஸ்பீக்கருக்குச் செல்வது), நான்கு சேனல் கொண்ட டிடிஜே-எஃப்எல்எக்ஸ்10 போன்ற வரிசைக்குப் போகலாம். மடிக்கணினியே வேண்டாம் என்பவர்க்கு டெனான் பிரைம் 4, எக்ஸ்டிஜே-ஆர்எக்ஸ்3 போன்ற தனித்தியங்கும் கருவிகள் உண்டு. நடு நிகழ்ச்சியில் விண்டோஸ் அப்டேட் கேட்டு நிற்கும் ஆபத்து அவற்றில் இல்லை, விலைதான் வேறு உயரம்.

பழையதை வாங்குவதில் தவறில்லை, சோதித்து வாங்கினால். ஒரு பாட்டிலிருந்து மற்றதற்கு மாற்றும் கிராஸ்ஃபேடரை ஒரு ஓரத்துக்கு முழுக்கத் தள்ளி, மறுபக்கப் பாட்டு ஹெட்ஃபோனில் மெல்லிதாகவேனும் கசிகிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு குமிழையும் திருகும்போது மென்பொருளில் அதன் படம் நடுங்காமல் தொடர வேண்டும். கையெடுத்த பிறகும் நடுங்கினால் உள்ளே தூசு அல்லது தேய்மானம். யுஎஸ்பி கேபிளைச் செருகிய நிலையில் மெல்ல அசைத்துப் பாருங்கள், ஒலி அறுந்தால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள். பிறகு நிறுவனத்தின் தளத்தில், உங்கள் கணினியின் இன்றைய விண்டோஸ் அல்லது மேக் பதிப்புக்கு அந்த மாடலின் டிரைவர் இன்னும் தரப்படுகிறதா என்று தேடுங்கள். வன்பொருள் புத்தம் புதிதுபோல் இருந்தும் டிரைவர் நின்றுபோன கன்ட்ரோலர்கள் பாதி விலைக்கு விற்பனைக்கு வருவது இதனால்தான். புதியது வாங்கினாலும் இறக்குமதியாளரின் இந்திய உத்தரவாதம் உண்டா, சர்வீஸ் எந்த ஊரில் என்று பில் போடும் முன்பே கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.