முதல் நேர்காணலின் தாளை யார் வாசித்தார்கள்? பிரித்தானியத் தஞ்சக் கோரிக்கைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரித்தானியாவில் தஞ்சம் கோரும் நம்மவர்களுக்குக் கடிதங்களை வாசித்துக் காட்டவும், சட்டத்தரணியிடம் கூட்டிச் செல்லவும், வாக்குமூலம் தயாரிக்கும்போது பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கவும் இப்போது பல இளையோர் முன்வருகிறார்கள். அவர்களுடைய அக்கறையில் எனக்கு ஐயமில்லை. ஆனால், நாங்கள் இந்த வேலைக்கு வந்த காலத்தில் நடந்த அதே பிழைகள் அவர்கள் கைகளிலும் நடக்கின்றன. பொய் சொல்லக் கூடாது, நேர்காணலுக்குப் பிந்திப் போகக் கூடாது என்பவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்கிரீனிங் நேர்காணலை வெறும் பதிவு என்று எண்ணுவது

விமான நிலையத்திலோ, துறைமுகத்திலோ, குரொய்டனில் உள்ள உள்துறை அமைச்சின் அலுவலகத்திலோ தஞ்சம் கோரியவுடன் நடப்பது ஸ்கிரீனிங் நேர்காணல். கைரேகையும் புகைப்படமும் எடுப்பார்கள். பெயர், குடும்பம், வந்த பாதை, உடல்நலம், கைது அல்லது குற்ற வழக்கு பற்றிக் கேட்பார்கள். ஊர் திரும்ப முடியாத காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லச் சொல்வார்கள். விரிவான நேர்காணல் பிறகு, சில வேளை பல மாதங்கள் கழித்தே நடக்கும். ஆகவே முதலாவதில் என்ன சொன்னோம் என்பதை விண்ணப்பதாரரும் மறந்துவிடுகிறார், உதவுபவரும் கேட்பதில்லை. முடிவெடுக்கும் அதிகாரியோ இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்துத்தான் நம்பகத்தன்மையை எடைபோடுகிறார்.

வவுனியாப் பக்கத்து இளைஞர் ஒருவரிடம் முதல் நேர்காணலில் கைதாகியிருக்கிறாரா என்று கேட்டபோது, இல்லை என்று சொல்லியிருந்தார். பொலிஸ், நீதிமன்றம், வழக்கு இலக்கம் எதுவும் இல்லாமல் வெள்ளை வானில் ஏற்றிப்போய் முகாமில் அடைத்து வைத்ததை அவர் கைது என்று கணக்கெடுக்கவில்லை. அவருக்கு உதவிய பிள்ளை மிகுந்த பொறுமையோடு, அவருடைய தடுப்புக்காவலையும் சித்திரவதையையும் பக்கம் பக்கமாக எழுதி வாக்குமூலத்துக்கு ஒழுங்கு செய்து கொடுத்தார். முதல் நேர்காணலின் பிரதி அவ்வளவு காலமும் அந்த இளைஞரின் பைக்குள், மடித்தபடியே இருந்தது. அதை யாரும் விரித்துப் பார்க்கவில்லை. மறுப்புக் கடிதம் வந்தபோது அதில் முதன்மைக் காரணமாக அந்த ஒரு பதிலே நின்றது. மேன்முறையீட்டில் அவர் வென்றார். ஆயினும், தாள் உரிய நேரத்தில் வாசிக்கப்பட்டிருந்தால், தன் உடலுக்குச் செய்யப்பட்டதை மீண்டும் ஒரு மண்டபத்தில் அந்நியர்கள் முன் சொல்ல வேண்டிய நிலை அவருக்கு வந்திருக்காது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஏனெனில் அந்தத் தாளை வாசிக்க அரை மணி நேரம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

ஸ்கிரீனிங் நேர்காணல் முழு விபரத்தையும் பெறுவதற்கானது அல்ல என்பதையும், நீண்ட பயணத்தின் பின் களைத்திருப்பவர் சுருக்கமாகவே பேசுவார் என்பதையும் தீர்ப்பாயம் சீன நாட்டவர் ஒருவரின் வழக்கில் 2004ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால், ஒரு விடயத்தைச் சுருக்கிச் சொன்னதற்கு இருக்கும் பாதுகாப்பு, நடந்ததை இல்லை என்று சொன்னதற்கு இலகுவில் கிடைக்காது. 2022 ஜூன் 28 அன்றோ அதற்குப் பின்போ தஞ்சம் கோரியவர்களுக்கு நிலைமை மேலும் கடினம். அவர்கள் சொல்லும் கடந்தகாலச் சம்பவங்களும் அச்சமும், பொய் என்பதைவிட உண்மையாக இருக்கும் வாய்ப்பே கூடுதல் என்ற அளவுக்கு நிறுவப்பட வேண்டும். முன்பு அதைவிடக் குறைந்த அளவுகோலே இருந்தது.

எனவே முதல் சந்திப்பிலேயே அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் தமிழில் உரத்து வாசித்துக் காட்டுங்கள். பிழையோ விடுபட்டதோ இருந்தால், விரிவான நேர்காணலுக்கு முன்பே சட்டத்தரணி மூலம் எழுத்தில் திருத்தம் அனுப்பச் செய்யுங்கள். மறுப்புக்கு முன் தானாக முன்வந்து கொடுத்த திருத்தமும், மறுப்புக்குப் பின் கொடுத்த விளக்கமும் ஒரே எடை பெறுவதில்லை. விரிவான நேர்காணலின் பதிவுக்கும் இதுவே முறை. அதற்கு வழமையாக 5 வேலை நாள்களே கிடைக்கும்.

முதல் நாளில் மௌனமாக இருந்ததற்குக் காரணங்கள் உண்டு, அவற்றையும் கேட்டு எழுத வேண்டும். சொன்னது தூதரகத்துக்குப் போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். தஞ்சம் கோரியதைச் சொந்த நாட்டு அதிகாரிகளுக்கு வெளிப்படுத்துவதில்லை என்பதே உள்துறை அமைச்சின் நிலைப்பாடு. பாலியல் வதையை அறிமுகமில்லாத மொழிபெயர்ப்பாளர் முன் சொல்லக் கூசியவர்கள் பலர். விடுதலைப் புலிகள் இயக்கம் பிரித்தானியாவில் 2001 முதல் தடைசெய்யப்பட்டது என்பதால் "இயக்கத்தைப் பற்றி வாய் திறக்காதே" என்று பயணத்தை ஒழுங்கு செய்த முகவர் சொல்லி அனுப்பியிருப்பார். வெறும் உறுப்புரிமை காரணமாக ஒருவரை அகதிப் பாதுகாப்பிலிருந்து விலக்க முடியாது, போர்க்குற்றம் போன்ற செயல்களுக்கு அவர் அறிந்தே கணிசமாகப் பங்களித்திருக்க வேண்டும் என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2010இல், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கிலேயே சொல்லிவிட்டது. முகவர் சொன்னதை நம்பி மறைத்தவர்தான் பின்னர் மாட்டிக்கொள்கிறார்.

திகதிகளை ஊகித்துச் சொல்லச் சொல்வது

"ஏதாவது ஒரு திகதியைச் சொல்லுங்கோ, இல்லாவிட்டால் நம்பமாட்டார்கள்" என்று உதவுபவர் சொல்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். ஊகித்த திகதி அடுத்த நேர்காணலில் நினைவில் நிற்காது. நம்மவர்கள் சம்பவங்களை நல்லூர்த் திருவிழாவோடும், 2004 சுனாமியோடும், 2009 மே மாதத்தோடும் சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் விதத்திலேயே, "சுனாமிக்கு அடுத்த தைப்பொங்கலுக்குப் பிறகு, நாள் நினைவில்லை" என்றே பதியச் செய்வது பாதுகாப்பானது.

தழும்பைக் குடும்ப வைத்தியரின் ஒரு வரிக் கடிதத்தோடு விடுவது

தழும்பு இருக்கிறது என்று எழுதுவதால் அது எப்படி வந்தது என்று நிறுவப்படாது. சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான இஸ்தான்புல் நெறிமுறையை அறிந்த மருத்துவர், ஒவ்வொரு தழும்பும் சொல்லப்பட்ட காரணத்தோடு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று படிப்படியாக எழுதுவார். இலங்கைத் தமிழர் ஒருவர் சூட்டுக் காயங்களைத் தானே வேறொருவரைக் கொண்டு ஏற்படுத்தியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுப்பப்பட்ட வழக்கில், காயம் ஏற்பட்ட விதம் குறித்தும் மருத்துவர் கருத்துச் சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதிப்படுத்தியது. அந்த அறிக்கைக்கான ஏற்பாட்டை மறுப்பு வரும்வரை ஒத்திவைக்காதீர்கள்.

ஆர்ப்பாட்டப் படங்களைக் குவிப்பது

மாவீரர் நாள் கூட்டத்தில் நின்ற படம் மட்டும் போதாது. 2013இலும் 2021இலும் வந்த இலங்கை பற்றிய வழிகாட்டுத் தீர்ப்புகள், புலம்பெயர் தமிழ்ப் பிரிவினைச் செயற்பாட்டில் ஒருவர் கணிசமான பங்கு வகிப்பவராக இலங்கை அரசு கருதுமா என்பதைப் பார்க்கின்றன. பதவி கட்டாயமில்லை, எந்த அமைப்பில், என்ன வேலை, எவ்வளவு காலம், எவ்வளவு அடிக்கடி என்பவையே கேள்விகள். நூறு படங்களைவிட, அவற்றுக்கு விடை தரும் இரண்டு பக்கக் கடிதம் உதவும்.

போலி ஆவணம்

ஒன்றுகூட வேண்டாம், அது உண்மையான ஆவணங்களையும் சேர்த்துக் கெடுக்கும்.

சட்ட ஆலோசனை சொல்வது

பதிவு பெறாதவர் குடிவரவு ஆலோசனை வழங்குவது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், மொழிபெயர்ப்போடு நின்றுகொள்ளுங்கள்.

பிரிக்காத கடிதம்

மறுப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்ய, அது அனுப்பப்பட்டதிலிருந்து 14 நாள்களே உள்ளன. உறையை அன்றே பிரித்து, அன்றே சட்டத்தரணிக்கு அறிவியுங்கள்.